பிம்ப்ரியில் கட்டிய எகிப்துக் கோயிலும் அதன் பின்வாசலும்

1. காலண்டர் படம்

1999 ஆகஸ்ட் முதல் வாரத்தில் புனே கேம்ப் பகுதியில் இருந்த எங்கள் ஆபீசுக்கு எகிப்து வந்து சேர்ந்தது. காலண்டரிலிருந்து கிழித்த ஒரு படம். மழையில் நனையாமலிருக்க அதைப் பாலிதீன் பையில் சுற்றி, பக்கத்துத் தொழில்நகரமான பிம்ப்ரியிலிருந்து இரண்டு பேர் கொண்டுவந்திருந்தார்கள்.

நான் சேலத்தில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு 1989இல் புனேக்கு வந்தவன். வந்த வருடமே ஒரு மண்டப் கான்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். கல்யாணப் பந்தல், கட்சிக் கூட்ட மேடை, கண்காட்சி ஷெட் என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். ஆனால் வருமானம் வருவது கணபதி சீசனில்தான். புனேயில் கணபதி என்றால் சிலை மட்டும் போதாது. தெருவுக்குத் தெரு 'மண்டள்' என்று ஒரு சங்கம் உண்டு. ஒவ்வொரு மண்டளும் தன் கணபதியைச் சுற்றி ஒரு பெரிய காட்சி அமைக்க வேண்டும். அதற்குத் 'தேகாவா' என்று பெயர். மூங்கில், பிளைவுட், காடாத் துணி, பி.ஓ.பி. எனும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகியவற்றைக் கொண்டு நான் மைசூர் அரண்மனையை மூன்று தடவையும் பாராளுமன்றத்தை இரண்டு தடவையும் கட்டியிருக்கிறேன். தாஜ்மஹால் எத்தனை தடவை என்று நினைவில்லை. எல்லாம் பத்து நாள் நிற்கும், பிறகு லாரியில் ஏறும். பத்து வருடத்தில் எனக்கு அரண்மனைகள் அலுத்துவிட்டிருந்தன.

வந்த இருவரில் ஒருவர் மண்டளின் தலைவர். டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். ஊரே அவரைத் தானாஜி பாவு என்றது. பாவு என்றால் அண்ணன். மற்றவர் செயலாளர் செல்வராஜ், ஃபேக்டரியில் ஃபிட்டர்.

"இன்ஜினியர் சார், நீங்க தமிழாமே? அப்பாடா" என்றார் செல்வராஜ். "நமக்கு வேலூர் பக்கம். தாத்தா காலத்துலயே இங்க வந்துட்டோம். பேசுறது ஓகே, படிக்கிறதுதான் ததிங்கிணத்தோம்."

தானாஜி பாவு படத்தை மேஜையில் விரித்தார். மராத்தியில்தான் பேசினார். என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

"போன வருஷம் எங்களுக்குப் பின்னாடி சந்துல இருக்கிற மண்டள் கைலாசம் கட்டுச்சு. தெர்மோகோலைச் சுரண்டிப் போட்டா பனியாம்! அதுக்கு முதல் பரிசு. இந்த வருஷம் அந்தச் சந்தே வாயப் பொளக்கணும். இது எங்க இருக்குது?"

படத்தில் இருந்தது கர்னாக். எகிப்தின் பழைய தலைநகரில் இருக்கும் பெருங்கோயில்.

"கட்டிரலாம் பாவு" என்றார் என் முதலாளி வாக்மாரே. "இவன் ஒருத்தன் இருக்கான். பழைய புஸ்தகக் கடையில பாதிச் சம்பளத்தை விடுறவன். எகிப்து இவனுக்குப் பக்கத்து ஊரு."

2. உள்ளே போகப் போக

அன்று நான் அதிகம் பேசினேன். எகிப்தைப் பற்றி அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

எகிப்தியர்களின் கோயில் சனங்கள் கூடுகிற இடம் அல்ல, சாமியின் வீடு என்று சொன்னேன். முன்னால் மலைபோல இரட்டைக் கோபுரச் சுவர். அதைத் தாண்டினால் திறந்த முற்றம், பிறகு தூண் மண்டபம், கடைசியில் கருவறை. உள்ளே போகப் போகத் தரை கொஞ்சம் கொஞ்சமாக உயரும், கூரை தாழும், சுவர்கள் நெருங்கும், வெளிச்சம் குறையும். கல் உத்தரம் அதிக இடைவெளி தாங்காது என்பதால் தூண்கள் காடுபோல நெருங்கி நிற்கும். சாதாரண சனங்களுக்குத் திருவிழா நாளில் முற்றம் வரைதான் அனுமதி. கருவறைக்கு அரசனோ அவன் பெயரால் பூசாரிகளோ மட்டும் போகலாம். இத்தனை கல்லை ஏற்றி வைத்ததில் ஒரு நோக்கம், யார் எதுவரை வரலாம் என்பதை எல்லோருக்கும் தெரியவைப்பது.

"அப்ப சனங்க சாமிய எப்பப் பாப்பாங்க?" என்று கேட்டார் தானாஜி பாவு.

"திருவிழாவுல வெளிய வரும். படகு மாதிரி ஒரு பல்லக்கு, அதுல மூடி வச்சுத் தோள்ல தூக்கிட்டு வருவாங்க. சனங்க தெருவுல நின்னு கேள்வி கேப்பாங்க. பல்லக்கு முன்னாடி வந்தா ஆமாம்னு அர்த்தம். பின்னாடி போனா இல்லை."

"நம்ம ஊர்வலமேதான்! குடிச்சிட்டு ஆடுறவன் உண்டா?"

"பீர் அவங்களே காய்ச்சுவாங்க."

"சரி, நம்மாளுங்கதான். கட்டு."

அந்த வாரமே பிளான் போட்டேன். முற்றம், தூண் மண்டபம், அதிலிருந்து கருவறைக்கு நாலடி அகலத்தில் ஒரு நடை, கருவறையில் கணபதி. கணபதிக்குப் பின்சுவரில் ஐந்தடி அகலத்துக்கு ஒரு திறப்பு. கும்பிட்டவர்கள் அதன் வழியாகப் பின்சந்தில் இறங்கிப் போய்விட வேண்டும். வந்த வழியாகத் திரும்பக் கூடாது. கூட்டம் ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. எதிரெதிராக வந்தால்தான் ஆபத்து. ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவருக்கு அது தெரியாது, தள்ளிக்கொண்டே இருப்பார்.

தானாஜி பாவு பிளானைப் பார்த்தார். என் பென்சிலையே வாங்கி, பின்சுவர்த் திறப்பின் மேல் பெருக்கல் குறி போட்டார்.

"இது எதுக்கு?"

"வெளிய போற வழி பாவு."

"வெளிய போனா எங்க போவான்? நேரா பின்சந்து ஷோபா தாயி மண்டளுக்குப் போவான். நான் செலவு பண்ணிக் கூட்டம் சேத்து அவளுக்குப் பார்சல் கட்டி அனுப்பணுமா? பந்த் பண்ணு. நடை நடுவுல கயிறு கட்டு. இந்தப் பக்கம் போகட்டும், அந்தப் பக்கம் வரட்டும்."

"நாலடியில ரெண்டு வரிசை போக முடியாது. நடையையாவது எட்டடி ஆக்கிக்கலாம்."

"உள்ள போகப் போகக் குறுகும்னு நீதானே சொன்ன? எகிப்துக் கோயில்ல பின்வாசல் உண்டா? நான் போஸ்டர்ல 'அசல் எகிப்து'ன்னு போட்டாச்சு."

அந்தக் கோயிலுக்குள் ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் போனதே இல்லை, சனங்களை வெளியே நிறுத்தவே அப்படிக் கட்டினார்கள் என்றேன். அவர் அதற்குள் டீ சொல்ல எழுந்துவிட்டார்.

3. ஒத்திகை

வாக்மாரேயிடம் போனேன்.

"போலீஸ் பர்மிஷன் அவங்க வாங்கிட்டாங்க. பந்தல் விழாம நிக்கணும், அதுதான் உன் வேலை" என்றார். "எனக்கு இந்த மண்டள் அஞ்சு வருஷக் கஸ்டமர். உனக்குச் சம்பளம் குடுக்கிறது நானு, எகிப்து ராஜா இல்ல."

வேலையை விட்டுவிடலாம் என்றும் யோசித்தேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அது ஒரு காரணம். நான் போனால் வேறொருவன் வந்து அதே பிளானை வாசல் இல்லாமல் கட்டுவான் என்பது இன்னொன்று. தினமும் லோக்கல் ட்ரெயினில் பிம்ப்ரிக்குப் போய், சேற்றில் நின்று, மூங்கில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சதுர்த்தி செப்டம்பர் 13, திங்கட்கிழமை. முதல் சனிக்கிழமை மாலைதான் என் கணக்கில் பயப்பட வேண்டிய நேரம். ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து, வடக்கே சாகண் ஊர் வரைக்கும் உள்ள சனங்கள் குடும்பத்தோடு வருவார்கள்.

நடை கட்டி முடிந்ததும் ஓர் ஒத்திகை வைக்கச் சொன்னேன். மண்டள் பையன்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். கயிற்றின் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாக வந்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"பாத்தியா? என்ன ஆச்சு?" என்றார் தானாஜி பாவு.

ஒன்றும் ஆகவில்லைதான். எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். மொத்தமே அறுபது பேர்.

கடைசியாக வெளியே வந்தவர் செல்வராஜின் மனைவி கலா. விழா நாட்களில் கருவறையில் நின்று பிரசாதம் கொடுக்கும் பொறுப்பு அவருக்கு. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்ளோ பேருக்கே மூச்சு முட்டுது சார். சனிக்கிழமை நான் அந்த மூலையில நிக்கணும். எதாவதுன்னா எந்தப் பக்கம் ஓடுறது?"

நான் செல்வராஜைப் பார்த்தேன். அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்: "சார், நான் சொன்னா அவன் கேக்க மாட்டான். பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்குவான். ஆபத்துன்னு சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்குது. நீங்க எகிப்துல இருந்தே எதாவது கொண்டாங்க. அசல், அசல்னு குதிக்கிறான்ல, அந்த அசல்லயே ஒரு கதவு இருந்தா?"

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. அபாயத்தைச் சொல்லியே அவரை அசைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

4. காதுகள்

அந்த ஞாயிறு முழுக்க வீட்டில் புத்தகங்களைப் புரட்டினேன். நான் தேடியது கிடைத்தது. கர்னாக் கோயிலின் பின்பக்கத்தில், கிழக்குச் சுவரை ஒட்டி, உள்ளே போக முடியாத சனங்களுக்கென்று ஒரு வழிபாட்டு இடம் இருந்திருக்கிறது. அங்கே இருந்த சாமிக்கு 'வேண்டுதலைக் கேட்பவர்' என்று பெயர். எகிப்தியர்கள் சாமிக்குக் காது கேட்க வேண்டும் என்று கற்பலகைகளில் காதுகளைச் செதுக்கி வைக்கும் வழக்கமும் இருந்தது. சில பலகைகளில் இரண்டு காது, சிலவற்றில் வரிசை வரிசையாக.

திங்கட்கிழமை தானாஜி பாவுவின் கடைக்கே போனேன். அவர் ஒரு பையனிடம் பிரேக் ஷூ விற்றுக்கொண்டிருந்தார்.

"பாவு, நம்ம கோயில்ல ஒரு குறை. அசல்ல பின்சுவர்ல சாமியோட காது இருக்கு. நம்மகிட்ட இல்ல."

"காதா?"

"சனங்க கோயிலுக்குப் பின்னாடி வந்து காதுல வேண்டுதல் சொல்லுவாங்க."

அவர் பிரேக் ஷூவைக் கீழே வைத்தார். மகாராஷ்டிரத்தில் கணபதியின் மூஞ்சுறு காதில் வேண்டுதலைக் கிசுகிசுப்பது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். காது என்றதும் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"யானைக் காது" என்றார். "பெருசா. ரெண்டு."

"பின்சுவருக்கு வெளிப்பக்கம் வைக்கணும். கும்பிட்டவன் அப்படியே பின்னாடி வந்து சொல்லிட்டுப் போவான். அதுக்கு ஒரு வாசல் வேணும்."

பையனிடம் காசை வாங்கிக் கல்லாவில் போட்டார். பேச்சை நான் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

"சந்து அவளுது" என்றார் கடைசியில். "நான் போய்க் கேக்க மாட்டேன். நீ வேணா கேளு. நான் அனுப்பினேன்னு சொன்னா உன் முதலாளிகிட்டச் சொல்லி உன்னை ஊருக்கே அனுப்பிருவேன்."

தாயி என்றால் அக்கா. பின்சந்து மண்டளின் தலைவியான ஷோபா தாயி சந்து முனையில் மெஸ் நடத்தினார். 1988 வரை இரண்டும் ஒரே மண்டளாம். ஊர்வலத்தில் சிலைக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்ற சண்டையில் பிரிந்தார்கள். நான் போனபோது பெரிய பாத்திரத்தில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார்.

"தானாஜி அனுப்பினானா?"

"இல்ல தாயி."

"பொய் சொன்னாலும் மூஞ்சி உண்மையச் சொல்லுது. எங்க கூட்டத்தை மறிக்கத்தானே ஏழு வருஷம் முன்னாடி அந்தப் பக்கம் தகரம் அடிச்சான்? இப்ப அவனுக்கே ஓட்டை வேணுமா?"

"அவருக்கு வேணாம். உள்ள வர்ற சனங்களுக்கு வேணும்." நாலடி நடையை அவர் அடுக்களை மேடையின் மேல் இரண்டு கரண்டிகளை வைத்துக் காட்டினேன். "சனிக்கிழமை இதுக்குள்ள போறவங்களும் வர்றவங்களும் முட்டிக்குவாங்க. குழந்தைங்க இருக்கும்."

அவர் கரண்டிகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்துப் பருப்பில் போட்டார்.

"சரி. சந்துல இறங்கட்டும். ஆனா இறங்கினவன் என் கணபதி முன்னாடி நடந்துதான் மெயின் ரோட்டுக்குப் போகணும். தடுப்பை அப்படிக் கட்டு."

யாரையும் கேட்காமல் சரி என்றேன். தானாஜி பாவுவிடம் சொன்னபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நீ பண்றதை நான் பாக்கல" என்றார். அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு பின்சுவர் பிளைவுட்டை அறுத்து, சந்துப் பக்கத்துப் பழைய தகரத்தையும் எடுத்தேன். நடையிலிருந்த கயிற்றையும் அவிழ்த்தேன். பெயிண்டர் பி.ஓ.பி.யில் ஆள் உயரத்துக்கு இரண்டு யானைக் காதுகளைச் செய்தார். வாசலுக்கு நேரே வைத்தால் கூட்டம் அங்கேயே நின்றுவிடும் என்பதால் சந்தில் நன்றாகத் தள்ளி வைக்கச் சொன்னேன்.

5. சனிக்கிழமை

அன்று பகல் முழுக்க மழை. மாலையில் விட்டது. விட்டதும் சனங்கள் எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு வந்ததுபோல இருந்தது. வரிசை மெயின் ரோடு வரை போயிற்று. முற்றம் நிறைந்து, தூண் மண்டபம் நிறைந்து, நடையிலும் ஆள் விடாமல் இருந்தது. நான் கோபுரச் சுவரின் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

எட்டு மணிவாக்கில் கரண்ட் போனது.

தேகாவாவின் விளக்கு, பாட்டு, ஃபேன் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒருவர் கத்துவது அல்ல, ஒரு கூட்டமே மூச்சை இழுப்பது. ஜெனரேட்டர் இருந்தது, ஆபரேட்டர் இல்லை. அவன் பின்சந்தில் ஷோபா தாயி மண்டளின் காட்சியைப் பார்க்கப் போயிருந்தான் என்று பிறகு தெரிந்தது.

முன்னால் நின்ற வரிசையை நானும் செல்வராஜும் கையைக் கோத்து நிறுத்தினோம். "கலா உள்ள இருக்கா சார்" என்று மட்டும் சொன்னார். உள்ளே போக வழியில்லை.

உள்ளே நடந்ததைக் கலா சொல்லித்தான் தெரியும். இருட்டில் ஒரு நொடி எல்லோரும் திரும்பப் பார்த்தார்களாம். வந்த பக்கமும் இருட்டு. பின்வாசலில் மட்டும் வெளிச்சம். ஷோபா தாயியின் மண்டள் வேறு லைனில் இருந்ததால் அவர்களுக்குக் கரண்ட் போகவில்லை. சிவப்பும் பச்சையுமாக அவர்கள் சீரியல் விளக்கும், அவர்கள் டோல் மேளச் சத்தமும் அந்த ஐந்தடித் திறப்பு வழியாக உள்ளே வந்தன. கலா பிரசாதத் தட்டைக் கீழே போட்டுவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று, 'புடே சலா, புடே சலா' என்று மராத்தியிலும் 'முன்னாடி போங்க, நிக்காதீங்க' என்று தமிழிலும் கத்திக்கொண்டே கைக்கு அகப்பட்ட முதுகையெல்லாம் வெளிச்சத்தின் பக்கம் தள்ளியிருக்கிறார். எல்லோரும் அந்தப் பக்கமே போனார்கள்.

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபோது உள்ளே போய்ப் பார்த்தேன். காலியாக இருந்தது. தரையில் மிதிபட்ட மோதகங்களும் ஒரு குடையும் கிடந்தன. யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. செல்வராஜ் சந்தில் கலாவைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் எதிரில், "தட்டை எங்கடி போட்ட?" என்று திட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் திட்டினார்.

வெளியே வந்தவர்களில் யாரும் வீட்டுக்கு ஓடவில்லை. யானைக் காதுகளுக்கு முன்னால் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வேண்டுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

6. பிரிப்பு

அந்த வருடம் முதல் பரிசு ஷோபா தாயியின் மண்டளுக்குக் கிடைத்தது. நடுவர்கள் வந்தபோது சந்தில் இருந்த கூட்டத்தையும், அந்தக் கூட்டம் பக்தியோடு பேசிய காதுகளையும் பார்த்திருக்கிறார்கள். காதுகள் இருந்தது அவர்கள் சந்தில். யாருடையவை என்று யாரும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

பிரிப்பு வேலை நடந்த அன்று தானாஜி பாவு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தூண்கள் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கிறேன், நேரா சொல்லு. அந்த ஓட்டை இல்லேன்னா பரிசு எனக்குத்தானே?"

"அனேகமா உங்களுக்குத்தான் பாவு."

"அதான்" என்றார். "எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

அடுத்த வருடம் அந்த மண்டள் வேறு கான்ட்ராக்டரிடம் போனது. வாக்மாரே என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "நல்லாத்தான் கட்டின. கஸ்டமர் போயிட்டான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தாஜ்மஹாலைக் கையில் கொடுத்தார். 2007இல் முழங்கால் ஒத்துழைக்காததால் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. எகிப்தியர்கள் தங்கள் கோயிலைச் சனங்களை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டினார்கள். அதன் அழகெல்லாம் அந்தக் காரியத்துக்காக வந்தது. அழகை மட்டும் எடுத்து வந்து உள்ளே சனங்களை அனுப்பினால் அது பொறியாகிவிடும். யாராவது உங்களிடம் ஒரு பழைய கட்டடத்தின் படத்தைக் கொண்டுவந்தால், முகப்பை வரைவதற்கு முன் உள்ளே போனவர் எந்த வழியாக வெளியே வருவார் என்று கேளுங்கள். வந்த வழியாகத்தான் என்று சொன்னால் பென்சிலைக் கொடுத்துவிடாதீர்கள். நியாயத்தால் முடியாவிட்டால் எகிப்தைத் தேடிப் பிடித்தாவது ஒரு வாசலை வாங்கிவிடுங்கள்.

வேலையைச் சரியாகச் செய்திருந்தால் அன்று ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். நான் முழுதாகப் பழகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.